Re: ‘பூட்’டுக்குத் தமிழ்: கிளம்பு, கிளப்பு

நண்பர்களுக்கு வணக்கம்.

கணினியில் மின்சாரம் ஏறியபின் இயங்குதளம் (மற்ற நிரல்களை ஓடவிடும் அடிப்படை மென்பொருள்) எழுந்து வேலைக்குத் தயாராவதை ஆங்கிலத்தில் ‘பூட்’ என்கிறோம். அதற்குத் தமிழில் ‘தொடக்கு’ என்று வைக்கலாமா, ‘மூட்டு’ என்று வைக்கலாமா என்று நம் குழுவில் வந்த மடல்களை எல்லாம் படித்தேன். என் கருத்தைச் சொல்வதற்கு முன் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

திண்டுக்கல்லில் இருக்கும் அத்தை வீட்டுக்கு முதன்முதலாக ஒரு கணினி வந்திருக்கிறது. ஏதோ அலுவலகத்தில் ஓடி, கைமாறி வந்த மேசைக்கணினி. லினக்ஸ் இயங்குதளம் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாளே போன். கறுப்புத் திரையில் இரண்டு வரி ஆங்கிலம் நிற்கிறது, எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அதே வரிதான் திரும்ப வருகிறது என்றார். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னேன். “பூட்டபிள்னு போட்டிருக்கு தம்பி. பூட்டு ஏதும் போட்டுட்டுப் போனியா? சாவி எங்க இருக்கு?” என்று கேட்டார்.

காரணம் சின்னதுதான். பாட்டுக் கேட்பதற்காகச் செருகிய பென்டிரைவை எடுக்காமல் விட்டிருக்கிறார். பயாஸ் (மின்சாரம் வந்ததும் முதலில் ஓடும் உள்நிரல்) வன்தட்டைத் தேடும் முன் பென்டிரைவைத் தேடும்படி வரிசை இருந்தது. பென்டிரைவின் முதல் 512 பைட்டில் இருந்த குட்டி நிரல், தன்னிடம் இயங்குதளம் இல்லை என்பதை மட்டும் திரையில் எழுதிவிட்டு நின்றுவிட்டது. அதிலும் பூட்டபிள் ஃபிளாப்பியை, அதாவது பூட் செய்யக்கூடிய பழைய நெகிழ்வட்டை, போடு என்று கேட்கிறது. ஃபிளாப்பியைக் கண்ணால் பார்த்தே எத்தனை வருஷம்!

அத்தையிடம் “கணினி தொடங்கவில்லை” என்றுதான் முதலில் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “லைட் எரியுது, ஃபேன் சுத்துது, அப்புறம் என்ன தொடங்கல?” என்றார். அவர் கேட்டது நியாயம். மின்சாரம் ஏறுவது ஒன்று, இயங்குதளம் எழுந்து வேலைக்குத் தயாராவது வேறு. ‘தொடங்கு’ இந்த இரண்டையும் பிரித்துக் காட்டவில்லை. போதாததற்கு, நிரலைத் தொடங்கு, தொடக்கப் பட்டி, மறுதொடக்கம் என்று ஏற்கெனவே பல இடங்களில் அதைப் பயன்படுத்திவிட்டோம்.

பிறகு என்னையறியாமலே, “ஆன் ஆயிருக்கு அத்தை, ஆனா கிளம்பல” என்றேன். உடனே பிடித்துக்கொண்டார். “ஸ்கூட்டர்ல சாவியைத் திருப்புனா லைட் வரும், வண்டி கிளம்பாதே, அது மாதிரியா?” அதே மாதிரிதான். பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு மறுபடி கிளப்பச் சொன்னேன், கிளம்பிவிட்டது.

அதனால் என் முன்மொழிவு: தன்வினைக்குக் கிளம்பு, பிறவினைக்குக் கிளப்பு. கணினி தானாகக் கிளம்புகிறது. நாம் பென்டிரைவிலிருந்து கிளப்புகிறோம். இந்த இணை நமக்குக் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு வேலையும் பார்க்கிறது. இயங்குதளத்தை ஏற்றிவிடும் நிரலான பூட் லோடருக்குக் ‘கிளப்பி’. இயங்குதளத்தை எதில் முதலில் தேடுவது என்ற பூட் ஆர்டருக்குக் ‘கிளப்பு வரிசை’. ரீபூட்டுக்கு ‘மீளக்கிளப்பு’.

ஆங்கிலச் சொல்லின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். பூட்ஸின் பின்புறத்து வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்ற வழக்கிலிருந்து 1950களில் கணினிக்கு வந்தது. நிரலை ஏற்ற ஒரு நிரல் வேண்டும், அந்த முதல் நிரலை யார் ஏற்றுவது என்ற சிக்கல். 1975இல் வந்த ஆல்டேர் 8800 என்ற கணினியில் அதை முன்பலகை சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டிக் கையாலேயே ஊட்ட வேண்டியிருந்தது. வாரும் பூட்ஸும் நமக்கு வேண்டாம், ஆனால் கீழிருந்து மேலெழும் பொருள் வேண்டும். புழுதி கிளம்பியது என்கிறோமே, அந்தப் பொருள் ‘கிளம்பு’வில் இருக்கிறது.

‘மூட்டு’ எனக்கும் மிகவும் பிடித்த சொல். தேங்காய் நார் பற்றி, சிராய் பற்றி, கடைசியில் விறகு பற்றுகிற மாதிரிதான் பயாஸிலிருந்து கிளப்பி, கிளப்பியிலிருந்து கரு (இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல்) என்று போகிறது. பாடம் நடத்தும்போது இந்த உவமையை விடவே மாட்டேன். ஆனால் திரையில் ‘மூட்டு வரிசை’ என்று பார்க்கிறவருக்கு முழங்கால்தான் நினைவுக்கு வரும். தன்வினையோ ‘மூண்டது’. அதைப் போருக்கும் தீக்கும் விட்டுவிடுவோம்.

கிளம்பு பேச்சுச் சொல்லாயிற்றே, கலைச்சொல்லுக்குரிய கனம் இல்லையே என்று ஒருவர் முன்பே எழுதியிருந்தார். வெட்டு, ஒட்டு, சேமி, தேடு எல்லாம் வீட்டில் புழங்கும் சொற்கள்தானே? அவற்றைத் திரையில் பார்த்து யாரும் விழிப்பதில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். தமிழ்நாட்டில் ‘கிளம்பு’ என்றால் புறப்படு என்றும் பொருள். யாழ்ப்பாணத்தில் அதற்கு ‘வெளிக்கிடு’ இருக்கிறது. அப்படியானால் ‘கணினி கிளம்பவில்லை’ என்ற வாக்கியம் அங்கே எப்படிக் கேட்கும்? இழையில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் வீட்டில் யாரிடமாவது சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினால், அதன் பிறகு சொற்பட்டியலில் சேர்க்கலாம். பெயர்ச்சொல் ‘கிளம்பல்’ சரியா, ‘கிளப்பம்’ சரியா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்