அன்பின் நிமித்தம் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: கொளத்தூர்க்காரி

என் மகள் எட்டாம் வகுப்பு. பேச்சுப் போட்டிக்கு 'உலகில் பெண் சமத்துவம்' என்று தலைப்பு. "இந்த வேகத்தில் போனால் இன்னும் 123 ஆண்டுகள்!" என்று நேற்றிரவு கூடத்தில் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். மேசையில் தம்பி அனுப்பிய விடுதலைப் பத்திர நகல் கிடந்தது. அப்பா 1987-இல் தன் சம்பளத்தில் வாங்கிய அரை கிரவுண்டு, அதில் ஓட்டு வீடு. உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"எவ்விதப் பிரதிபலனும் பெறாமல், உடன்பிறந்த அன்பின் நிமித்தம் என் பங்கை விட்டுக்கொடுக்கிறேன்" என்ற வரியையும் அவள் ஏற்ற இறக்கத்தோடு படித்தாள். "மாமாவுக்கு உன்மேல் அன்பு இல்லையா அம்மா?" என்றாள்.

கல்யாணத்துக்கு இருபத்தைந்து பவுன் போட்டதோடு என் கணக்கு முடிந்தது என்கிறான் தம்பி. வெள்ளிக்கிழமை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரச்சொல்கிறான். பவுன் வாங்கினால் பங்கு போய்விடுமா?

பதில்: ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்

போகாது அம்மா. சுயசம்பாத்தியம், உயில் இல்லை என்றால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, தம்பி, நீங்கள் மூவருக்கும் சரிபங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்தால் அவருக்கும் ஒன்று. பவுனைக் கழிக்கும் விதி கிடையாது. சிலர் 1989 தமிழ்நாட்டுச் சட்டம், 2005 திருத்தம் என்று குழப்புவார்கள். அவை பூர்விகச் சொத்தில் மகளையும் பங்காளி ஆக்கியவை. உங்களுக்கு அவ்வளவு தூரம் போகவேண்டாம்.

முப்பத்தொரு வருடம் எழுதியவன் நான். அக்காள் தங்கைகள்தான் வரிசையாக வந்து கட்டைவிரலில் மை தடவிக்கொண்டு போவார்கள். அண்ணன் தங்கைக்கு விட்டுக்கொடுத்தது இரண்டே பத்திரம். அதில் ஒருவர் சாமியாராகப் போனவர். பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டது 1929. பூர்விகச் சொத்துக்கும் சேர்த்து இங்கே சட்டம் வர அறுபது வருடம் ஆயிற்று. நீங்கள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடாதீர்கள். பதிவாகிவிட்டால் பிறகு நீதிமன்ற அலைச்சல்தான்.

பதில்: அண்ணாநகர் வாசகி

பாப்பாவின் பேச்சுக்கு: அந்த 123, உலகப் பொருளாதார மன்றத்தின் 2025 அறிக்கையில் உள்ளது. 148 நாடுகளில் இந்தியா 131-ஆவது. உலக அளவில் ஆண் பெண் இடைவெளி படிப்பில் 95 சதவீதம் மூடப்பட்டுவிட்டது, பொருளாதாரத்தில் 61, அரசியலில் 23-கூட இல்லை. நம் வீடுகளும் அப்படித்தானே? பெண்ணைப் பொறியியல் படிக்கவைப்பார்கள். பட்டாவில் பெயர் கேட்டால் முகம் கோணும். ஆப்கானிஸ்தானில் ஆறாம் வகுப்புக்குமேல் சிறுமிகளுக்குப் பள்ளியே இல்லை என்பதையும் சொல்லச் சொல்லுங்கள்.

பதில்: தாம்பரத்தான்

பவுன் வாங்கும்போது சமத்துவம் ஞாபகம் வரவில்லையா? அம்மாவைக் கடைசிவரை பார்ப்பது தம்பிதானே?

பதில்: கொளத்தூர்க்காரி

தாம்பரத்தாருக்கு: அம்மா மாதத்தில் பதினைந்து நாள் என்னிடம்தான். அவளுடைய மாத்திரை டப்பா என் ஃபிரிட்ஜின்மேல் இருக்கிறது.

எழுத்தர் ஐயா, மூன்று பங்கு என்று அம்மாவிடம் சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "எனக்குமா? போன மாதம் ஏதோ தாளில் கையெழுத்து வாங்கினானே, அது இதுதானா?" என்கிறாள். பதிவாகியிருந்தால் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்

வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள், அதில் வந்துவிடும். அதற்குமுன், அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தார்களா, வீட்டிலேயே வாங்கினானா என்று அம்மாவிடம் கேளுங்கள்.