சிக்னலில் நின்றால் சூடாகும் மொரிஸ் மைனர்: யோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1098 சிசி எஞ்சினுடன் ஒரு பழைய மொரிஸ் மைனர் கார் இருக்கிறது. காலையில் கொழும்பு மரைன் டிரைவில் ஓடினால் வெப்பமானி முள் அசைவதேயில்லை. மாலையில் காலி வீதி நெரிசலில், வெள்ளவத்தையில் அகப்பட்டால் மளமளவென்று ஏறுகிறது. வண்டி நகர்ந்ததும் இறங்கிவிடுகிறது.

தேர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பத் தண்ணீருக்கு வழிவிடும் வால்வு), ரேடியேட்டர் மூடி இரண்டும் புதியவை. பெல்ட் இறுக்கமாக இருக்கிறது. எண்ணெயில் பால் நிறம் இல்லை, தண்ணீரில் குமிழியும் இல்லை. எனவே ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) மீது எனக்குச் சந்தேகமில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. எஞ்சினை நிறுத்திவிட்டு ரேடியேட்டரின் முகப்பில் கை வைத்துப் பார்த்தால், வலப்பக்கம் மேலிருந்து கீழாக நான்கு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை மற்ற இடங்களைவிடக் குளிர்ந்திருக்கிறது. உள்ளே குழாய்கள் அடைபட்டிருக்குமோ? அல்லது இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பிந்தியிருப்பதாலும் நின்ற நிலையில் இப்படிச் சூடேறுமா?

மெக்கானிக் ரேடியேட்டருக்கு மின்விசிறி பூட்டச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ சார்ஜ் தருவதே அபூர்வம். விசிறி பற்றரியைத்தான் குடிக்கும். போதாததற்கு இது பாசிட்டிவ் எர்த் வண்டி (பற்றரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைந்தது), வயரை மாற்றிக் கொடுத்தால் விசிறி தலைகீழாகச் சுழலும்!

பழைய பித்தளை ரேடியேட்டரின் தொட்டியைக் கழற்றி, கம்பி விட்டுச் சுத்தம் செய்து, மறுபடி ஈயம் பற்றவைத்துத் தரும் கைதேர்ந்தவர் பஞ்சிகாவத்தைப் பக்கம் இன்னும் இருக்கிறாரா? புதிய கோர் (ரேடியேட்டரின் நடுவிலுள்ள குழாய்த் தொகுதி) போடுவதுதான் நல்லதென்றால், அதையும் தயங்காமல் சொல்லுங்கள்.