பயோஹசார்டுக்குத் தமிழ்ச்சொல்: ‘கிருமி அபாயம்’ என்று முன்மொழிகிறேன்

வணக்கம் நண்பர்களே,

‘பயோஹசார்ட்: வெண்டெட்டா’ என்ற ஜப்பானிய அசைவூட்டப் படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதும் தம்பி, பயோஹசார்ட் (நோய்க்கிருமி போன்றவற்றால் வரக்கூடிய ஆபத்து) என்பதற்குத் தமிழ் கேட்டு இந்த இழையைத் தொடங்கினார். இதுவரை மூன்று யோசனைகள் வந்திருக்கின்றன: உயிராபத்து, உயிரியல் பேரிடர், அப்புறம் பயோஹசார்ட் என்றே எழுதிவிடுவது. மூன்றும் எனக்குச் சரியாகப் படவில்லை. மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறவள் நான். சினிமாவுக்கு ஒருமுறை தேவைப்படும் இந்தச் சொல் எங்களுக்கு அன்றாடம் தேவைப்படுகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம். 2017இல் வந்த படம். தக்கனோரி சுஜிமோட்டோ இயக்கியது, இசை கென்ஜி கவாய். கிளென் அரியாஸ் என்ற ஆயுத வியாபாரியின் கல்யாண நாளிலேயே குண்டு விழுந்து மணப்பெண் இறந்துபோகிறாள். அந்தப் பழிவெறியில் அவன் ஒரு வைரஸை வைத்து நியூயார்க் நகரத்தையே அழிக்கப் பார்க்கிறான். படத்தின் நாயகர்கள் கிரிஸும் லியோனும் துப்பாக்கியோடு அவனைத் துரத்துகிறார்கள். என்னைப் பிடித்துவைத்தது அவர்கள் இருவருமல்ல, ரெபெக்கா சேம்பர்ஸ் என்ற விஞ்ஞானிதான். அவள் மருந்து தேடிக்கொண்டிருக்கும் ஆய்வகத்துக்குள்ளேயே வைரஸ் வாயுவைத் திறந்துவிடுகிறார்கள். பக்கத்து மேசையில் வேலை செய்தவர்கள் எல்லாம் கண்ணெதிரே வெறிபிடித்து மாறுகிறார்கள். அவளுக்கும் தொற்றிவிட்டது. அந்த நிலையில் தான் தயாரித்த மருந்தைத் தன் உடம்பிலேயே செலுத்திக்கொள்கிறாள். ஆய்வக வேலை தெரிந்த யாராலும் அந்தக் காட்சியை லேசாகக் கடந்துபோக முடியாது.

சரி, சொல்லுக்கு வருவோம்.

> உயிராபத்து என்றால் கேட்டவுடன் புரியுமே?

புரியும், ஆனால் வேறு ஒன்றாகப் புரியும். உயிருக்கு வரும் ஆபத்து என்றுதான் தமிழ்க்காது அதைப் பிரிக்கும். மின்கம்பியும் உயிராபத்துதான், ஆழக்கிணறும் உயிராபத்துதான். நமக்கு வேண்டியது ஆபத்து எதற்கு வருகிறது என்பதல்ல, எதனால் வருகிறது என்பது. உயிர் என்பதை உயிரி என்று மாற்றி ‘உயிரியாபத்து’ ஆக்கலாம் என்று அக்கா ஒருவர் எழுதியிருந்தார். தாளில் அது சரிதான். ‘உயிரித் தொழில்நுட்பம்’, ‘உயிரி எரிபொருள்’ என்று நல்ல பழக்கமும் இருக்கிறது. ஆனால் வாயால் சொல்லிப் பாருங்கள்: உயிராபத்து, உயிரியாபத்து. அவசரத்தில் கத்திச் சொல்ல வேண்டிய ஒரு சொல் இப்படி ஓர் இகரத்தை நம்பி நிற்கக் கூடாது. இன்னொன்று, வைரஸை உயிரி என்று சொல்லலாமா என்பதே அறிவியலில் முடியாத வழக்கு. நோய் உண்டாக்கும் பிரியான் வெறும் புரதம், அதற்கு உயிர் என்ற பேச்சே இல்லை.

> உயிரியல் பேரிடர்?

உயிரியல் என்பது ஒரு படிப்பின் பெயர்; ஆபத்து படிப்பிலிருந்து வருவதில்லை. அதை விடுங்கள், என் பெரிய மறுப்பு பேரிடர் என்ற பாதிக்குத்தான். பேரிடர் என்றால் நடந்துவிட்ட ஒன்று: புயல், வெள்ளம், சுனாமி. ஆனால் எங்கள் உறைபெட்டியில் மூடி இறுகி, பெயர் ஒட்டி, யாரும் தொடாமல் இருக்கும் சிறுகுப்பியும் பயோஹசார்ட்தான். அங்கே எந்த இடரும் நடக்கவில்லை. நடக்கக்கூடியது உள்ளே இருக்கிறது, அவ்வளவுதான்.

ஜப்பானிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. தோக்கியோவின் மேற்கே முசாஷிமுராயாமாவில், தேசியத் தொற்றுநோய் நிறுவனத்துக்காக மிக உயர்ந்த பாதுகாப்பு நிலையான நான்காம் நிலை ஆய்வகத்தை 1981இலேயே கட்டிவிட்டார்கள். சுற்றி இருக்கும் குடியிருப்பு மக்கள் எதிர்த்தார்கள். அதனால் மிகக் கொடிய கிருமிகள் எதையும் கையாளாமல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது கீழ்நிலை வேலைக்கே பயன்பட்டது. 2015இல்தான் அரசு அதை நான்காம் நிலைக்கு முறைப்படி அறிவித்தது. ஒலிம்பிக்குக்கு ஆயத்தமாக 2019இல் எபோலா, லாசா உள்ளிட்ட வைரஸ்களை அங்கே வரவழைத்தார்கள். அந்த மக்கள் எதிர்த்தது நடந்த பேரிடரை அல்ல, உள்ளே வரப்போகும் அபாயத்தை. இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் அந்த விவாதத்தையே தமிழில் எழுத முடியாது.

ஆனால் படத்தின் தலைப்பைப் பொறுத்தவரை பேரிடர் என்று சொன்னவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஜப்பானியர்கள் ஆங்கிலச் சொல்லை அப்படியே, அயற்சொற்களுக்கான கத்தகானா எழுத்தில் எழுதினாலும், அதற்கு அவர்கள் தரும் விளக்கம் ‘செய்புட்சு சைகாய்’, அதாவது உயிரினத்தால் வந்த பேரிடர். ஆய்வகத்திலிருந்து கிருமி தப்பி வெளியேறிவிட்ட நிலை. இந்தப் படத்துக்கு மூலம் ஒரு விளையாட்டுத் தொடர்; 1996இல் காப்காம் நிறுவனம் அதன் முதல் விளையாட்டுக்கு இந்தப் பெயரை வைத்ததும் அந்தப் பொருளில்தான். அமெரிக்காவுக்குப் போனபோது அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கணினி விளையாட்டும் ஓர் இசைக்குழுவும் இருந்ததால் உரிமை பெற முடியாது என்று ‘ரெசிடென்ட் ஈவில்’ என வேறு பெயர் வைத்தார்கள். சீனத்தில் ‘உயிர்வேதி நெருக்கடி’ என்ற பொருளில் சொந்தமாகவே ஒன்று செய்துகொண்டார்கள். ஆக, தலைப்பு என்பது இப்போது வணிகப்பெயர். தம்பி, தலைப்பை ‘பயோஹசார்ட்: வெண்டெட்டா’ என்றே விட்டுவிடுங்கள். உரையாடலுக்குள் வரும் இடங்களுக்குத்தான் நமக்குச் சொல் தேவை.

என் முன்மொழிவு: கிருமி அபாயம்.

ஏன் என்று சொல்ல, மருத்துவக் கழிவுப் பைகளில் பயோஹசார்டைக் குறிக்கும் அந்த மூன்று பிறை கொண்ட சின்னத்தின் கதையைச் சொல்ல வேண்டும். 1966 வரை இதற்குப் பொதுவான அடையாளமே கிடையாது. அமெரிக்கத் தரைப்படை தலைகீழான நீல முக்கோணத்தைப் போட்டது, கடற்படை இளஞ்சிவப்புச் செவ்வகத்தைப் போட்டது. அஞ்சல் விதிகளில் ஊதா நிறத்தின்மேல் பாம்பு சுற்றிய கோல். ஓரிடத்து ஊழியருக்கு இன்னோர் இடத்துக் குறி புரியாது. அப்போது டௌ கெமிக்கல் நிறுவனத்தில் இருந்த சார்லஸ் பால்ட்வின் ஒரு வடிவத்தைத் தேடினார். பார்த்தால் மனதில் நிற்க வேண்டும். ஆனால் ஏற்கெனவே எந்தப் பொருளும் அதற்கு இருக்கக் கூடாது, அப்போதுதான் புதிதாகக் கற்பிக்க முடியும். பெட்டியை எப்படித் திருப்பி வைத்தாலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக மூன்று பக்கமும் சமமாக வரைந்தார்கள். நிறம் பளிச்சென்ற ஆரஞ்சு. 1967இல் ‘சயன்ஸ்’ இதழில் அது வெளியானது.

பொருளில்லாத ஒரு வடிவத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்கள் என்றால், பொருளைச் சொல்லும் வேலை முழுவதும் கீழே எழுதும் சொல்லுக்குத்தான் என்று ஆகிறது. நம் வார்டுகளில் அந்தச் சொல் யாருக்காக? 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள் பையில் உடல் திசுவும் இரத்தம் தோய்ந்த பஞ்சும் போகும், சிவப்புப் பையில் குழாய்களும் பிளாஸ்டிக்கும் போகும், ஊசிகள் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டிக்குப் போகும். அந்தப் பையைக் கட்டி, தூக்கி, வண்டியில் ஏற்றுகிறவர் தூய்மைப் பணியாளர். பையில் சின்னம் இருக்கிறது, கீழே ஆங்கிலத்தில் எழுத்தும் இருக்கிறது. தவறான பையில் விழுந்த ஓர் ஊசி கையில் குத்தினால் ஹெப்படைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. மூன்றுமே வர வாய்ப்புண்டு. ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த பரப்பில்கூட ஏழு நாளாவது தொற்றும் திறனோடு இருக்கும். இது தெரிய வேண்டியவருக்குத் தெரியாத மொழியில் எச்சரிக்கை எழுதியிருப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. தமிழ்ச்சொல் அவருக்கு எட்ட வேண்டும், அதுவும் படித்த நொடியில். ‘அபாயம்’ என்ற சொல் மின்கம்பத்து மண்டையோட்டுப் பலகையிலேயே பழகியது. ‘கிருமி’யை விளக்கவே வேண்டாம்.

கிருமி வடசொல்லாயிற்றே என்று ஐயா கேட்பார் என்று தெரியும். வடசொல்தான். ஆனால் வைணவ மரபில் கிருமிகண்ட சோழன் என்று ஒருவரைச் சொல்லுகிற அளவுக்கு அது நம் மண்ணில் பழையது. கண்டத்தில், அதாவது கழுத்தில், புண்வந்து புழுத்தவன் என்று பொருள். புழுவுக்கும் கண்ணுக்குத் தெரியாத நோய்க்காரணிக்கும் ஒரே பெயராக அது நின்றதால், குடற்புழு முதல் பாக்டீரியா, வைரஸ் வரை எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகின்றன. பாடநூலுக்குத் தனித்தமிழ் வேண்டுமென்றால் ‘நோயுயிரித் தீங்கு’ என்று கூடவே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு மறுப்பில்லை. ஒட்டுத்தாளில் மட்டும் கிருமி அபாயம். புணர்த்தி எழுதினால் கிருமியபாயம். ஆனால் பையில் பிரித்தே எழுத வேண்டும்.

நச்சுப்பொருள்கள் விடுபட்டுப்போகுமே என்பது நியாயமான கேள்வி. ஆமணக்கு விதையிலிருந்து வரும் ரைசின், கிருமி உமிழும் பொட்டுலினம் நஞ்சு இவையும் அந்தச் சின்னத்துக்குக் கீழ் வரக்கூடியவைதான். அவற்றுக்கு ‘நச்சபாயம்’ என்று தனியாகச் சொல்வது பணியாளருக்கும் நல்லது, ஏனென்றால் தற்காத்துக்கொள்ளும் முறை வேறு.

இந்தச் சொல்லோடு ஒரு குடும்பமே கிடைக்கிறது. கிருமி ஆயுதம், கிருமிப் போர் இரண்டும் ஏற்கெனவே வழக்கில் உள்ளவை. ஜப்பானியப் படத்தில் இவை வரும்போது எனக்குச் சீனாவின் ஹார்பின் அருகே இருந்த ஜப்பானியப் படையின் 731ஆம் பிரிவு நினைவுக்கு வரும். இஷீ ஷிரோ என்ற மருத்துவரின் தலைமையில் கைதிகள்மேல் கிருமிகளைச் சோதித்தார்கள். 1940இல் நிங்போ நகரத்தில் பிளேக் தொற்றிய தெள்ளுப்பூச்சிகளை வானிலிருந்து கொட்டினார்கள். அரியாஸ் போன்ற ஆள் கற்பனை, ஆனால் அவன் செய்வதை மருத்துவம் படித்தவர்களே நிஜத்தில் செய்திருக்கிறார்கள். அப்புறம், கிருமி தவறித் தப்பாமல் பார்ப்பதைக் கிருமிப் பாதுகாப்பு என்றும், யாரும் அதைத் திருடாமல், வேண்டுமென்றே கட்டவிழ்த்துவிடாமல் பார்ப்பதைக் கிருமிக் காவல் என்றும் பிரிக்கலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு, தமிழில் இரண்டையும் பாதுகாப்பு என்றே எழுதிக் குழப்புகிறோம். ரெபெக்காவின் ஆய்வகத்தில் தோற்றது காவல்தான்.

தம்பி கேட்ட மற்ற சொற்களையும் பார்த்துவிடுகிறேன்.

படத்தின் வைரஸ் முதலில் உடலுக்குள் சத்தமில்லாமல் தங்குகிறது. பிறகு இன்னொன்று வந்து அதை எழுப்பிவிடுகிறது. முதலாவதைப் ‘பதுங்கு தொற்று’ என்றும், இரண்டாவதைத் ‘தூண்டி’ என்றும் எழுதுங்கள். பதுங்குவது பாய்வதற்கே என்பது தமிழில் எல்லோருக்கும் தெரியும். நிஜத்தில் சின்னம்மை வைரஸ் அப்படித்தான்: அம்மை இறங்கிய பிறகும் நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டு கிடந்து, வயதான பிறகு அக்கியாக வெளிவருகிறது.

ரெபெக்காவின் மருந்தை ஆங்கில வசனத்தில் வாக்சின் என்கிறார்கள். தடுப்பூசி என்று போட்டுவிடாதீர்கள். கடைசியில் அதை ஊர்முழுக்கப் புகையாகத் தூவுகிறார்கள், ஊசியே இல்லை. ஏற்கெனவே மாறிவிட்டவர்களையும் அது மீட்கிறது, ஆகவே வெறும் தடுப்பும் இல்லை. தொற்றிய பிறகு போடும் தடுப்பூசி உண்மையில் உண்டு. 1885இல் பாஸ்டர் வெறிநாய் கடித்த சிறுவன் ஜோசப் மைஸ்டருக்குக் கொடுத்தது அதுதான். ஆனால் அது வேலை செய்வது வைரஸ் நரம்பு வழியே மூளைக்குப் போய்ச்சேரும் முன்னால் மட்டும். நோய்க்குறி தெரிந்தபின் பலனில்லை. படத்தில் வருவது அதையும் தாண்டியது. ‘முறிமருந்து’ பொருந்தும், நஞ்சுமுறி என்று நாம் சொல்கிற அதே முறி.

கடைசியாக, ஜாம்பிக்கு நடைப்பிணம். இது வேண்டவே வேண்டாம். மருந்து தூவியதும் நியூயார்க் மக்கள் மனிதர்களாகத் திரும்புகிறார்கள் என்றால் அவர்கள் சாகவே இல்லை. பிணம் என்று எழுதினால் லியோனும் கிரிஸும் சுடும் ஒவ்வொரு குண்டின் பாரத்தையும் சப்டைட்டில் மறைத்துவிடும். பாத்திரங்கள் கத்தும்போது ஜாம்பி என்றே இருக்கட்டும். ரெபெக்கா பேசும் இடங்களில் ‘தொற்றாளர்’ என்று போடுங்கள். கொரோனா காலத்தில் இலங்கைச் செய்திகளில் நன்றாகப் பழகிய சொல் அது. ஒரு விஞ்ஞானி அவர்களை நோயாளிகளாகப் பார்க்கிறாள் என்பதும் அதில் வந்துவிடும்.

ஈழத்து நண்பர்களிடம் ஒரு கேள்வி. சின்னம்மையை நீங்கள் கொப்புளிப்பான் என்பீர்கள். மரபணுவில் நேரும் மாற்றத்தை இங்கே திடீர்மாற்றம் என்பதை நீங்கள் விகாரம் என்று படிப்பீர்கள். உங்கள் வைத்தியசாலைக் கழிவுப் பைகளில் தமிழில் எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறதா? இருந்தால் அதில் என்ன சொல் என்று எழுதுங்கள். கிருமி அபாயத்தைவிட அது தெளிவாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம். மறுப்பு உள்ளவர்கள் இந்த வாரத்துக்குள் எழுதினால், எங்கள் வார்டுக்கான ஒட்டுத்தாளை அச்சுக்குக் கொடுக்கும் முன் மாற்ற வசதியாக இருக்கும்.

அன்புடன்