சிகரெட்டை விட்ட அனுபவங்கள்: ஆலோசனையில் எங்களுக்கு நடந்தவை

சோமனூர், விசைத்தறி நடத்துபவர்:

புகைப்பழக்கத்தைக் கைவிட மனவுறுதி ஒன்றே போதும் என்று சொல்லாதவர் எங்கள் ஊரில் இல்லை. கோவையில் நான் பார்த்த மனநல ஆலோசகரோ, ஒவ்வொரு சிகரெட்டையும் பற்றவைக்கும் முன் நேரம், இடம், உடனிருப்பவர், அப்போதைய மனநிலை ஆகியவற்றை ஒரு சிறு நோட்டில் குறித்து வரும்படி மட்டுமே கேட்டார். அடுத்த முறை அதைப் பிரித்துப் பார்த்தபோது, பெரும்பாலானவை தறி நின்ற நேரத்திலும், பேக்கரியில் டீ வாங்கிய நேரத்திலும், கூலி பாக்கியைப் பற்றிப் பேசிய நேரத்திலுமே பிடிக்கப்பட்டிருந்தன. எழுந்த 30 நிமிடங்களுக்குள் பிடிக்கும் முதல் சிகரெட் உடல் கேட்பது என்றும், அதற்கு மருத்துவர் சொல்லும் நிக்கோட்டின் சூயிங்கம் உதவும் என்றும், மற்றவற்றில் பல இடமும் வேளையும் தூண்டுபவை என்றும் அவர் விளக்கினார். எனவே டீயைத் தறிக் கொட்டகைக்கே வரவழைத்தேன் (கொங்குப் பக்கம் டீயும் சிகரெட்டும் பேக்கரி வாசலில்தானே சேர்கின்றன). ஆசை எழுந்தால் சில நிமிடங்களில் தானே தணியும் என்பதால், அதுவரை தண்ணீர் குடித்துவிட்டு நூல் எடுத்து வைப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தேன். அறிவுரையைவிட அந்த நோட்டுதான் எனக்கு உதவியது.

திருப்பூர், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்:

சோமனூர் அண்ணாவைப் போல நேரில் செல்ல எனக்கு ஓய்வில்லை. சிகரெட் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற, புகையிலையைக் கைவிட உதவும் கட்டணமில்லா எண்ணை அழைத்தேன், தமிழிலேயே பேசினார்கள். விட வேண்டும் என்ற எண்ணத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள் என்று அங்கிருந்த ஆலோசகர் கேட்டபோது, நான்கு என்றேன். அது குறைவு என்று கடிந்துகொள்வார் என எதிர்பார்த்தேன். அவரோ, "ஒன்று என்று ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். குழந்தை என் சட்டை வாடைக்கு முகம் திருப்புவதும், மாடி ஏறினால் இரைப்பதும், செலவும் என்று காரணங்களை நானே அடுக்க வேண்டியதாயிற்று. பிறர் சொன்னால் மறுத்திருப்பேன். என் வாயாலேயே சொன்னதை எப்படி மறுப்பது? விடும் தேதியையும் என்னையே குறிக்கச் சொன்னார்கள். சனிக்கிழமை சம்பள நாளில் நண்பர்கள் கூடுவார்கள் என்பதால், நான் திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். அதன் பிறகு அவர்களாகவே அழைத்து விசாரித்தார்கள்.

பொள்ளாச்சி, இல்லத்தரசி:

நான் புகைப்பவள் அல்லள். என் கணவருடன் ஆலோசனைக்குச் சென்றவள். "இன்னைக்குப் புடிச்சீங்களா?" என்று தினமும் கேட்பதை முதலில் நிறுத்துங்கள் என்று ஆலோசகர் என்னிடம் சொன்னபோது சற்றுக் கோபமே வந்தது. எரிச்சல், தூக்கமின்மை, கவனக்குறைவு ஆகியவை முதல் சில நாட்களில் மிகுந்து, பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்களில் குறையும் என்றும், அந்தக் காலத்தில் வீட்டுச் சண்டையே மீண்டும் சிகரெட்டை எடுக்க வைக்கக்கூடும் என்றும் அவர் விளக்கினார். ஆகவே தோப்புக் கணக்கு, மாமியார் வீட்டுப் பேச்சு எல்லாவற்றையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தோம். சாப்பிட்டவுடன் அவர் வாசலுக்குப் போகும் வழக்கம் இருந்ததால், அந்த வேளையில் இருவரும் சேர்ந்து தோப்புக்குள் நடக்கத் தொடங்கினோம்.