ஷாம்பெயினிலிருந்து ஒரு பகல் தூரம்

சோளக்காட்டு வாசி எழுதியது:

ஆகஸ்டில் அமெரிக்காவின் ஷாம்பெயின் ஊரில் இருக்கும் இல்லினாய் பல்கலைக்குப் புதிதாக வந்து இறங்குகிறவர்கள் ஒரு மாதத்துக்குள் கேட்டுவிடுவார்கள்: "இந்த ஊரைச் சுத்திப் பார்க்க என்ன இருக்கு?" சீனியர்களின் பதிலும் வருஷத்துக்கு வருஷம் மாறுவதில்லை: "ஒண்ணும் இல்ல, சிகாகோ போ." சிகாகோ போவது நல்ல யோசனைதான். ஒன்றும் இல்லை என்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஐ-57, ஐ-74, ஐ-72 மூன்று நெடுஞ்சாலைகளும் ஷாம்பெயினில் கூடுகின்றன. வடக்கே சிகாகோ சுமார் 135 மைல், கிழக்கே இண்டியானாபொலிஸ் 120 மைலுக்குக் கொஞ்சம் மேலே, மேற்கே ஸ்பிரிங்ஃபீல்டு 90 மைலுக்குள். தெற்கே போகத்தான் பொறுமை வேண்டும். இடம் தேர்ந்தெடுக்க எல்லோரும் மேப்பைத் திறக்கிறார்கள். நான் முதலில் சூரியன் எப்போது மறைகிறது என்று பார்ப்பேன். ஜூனில் எட்டு மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும். கிளம்புகிற நேரத்திலிருந்து அஸ்தமனம் வரை எத்தனை மணி, அதில் போகிற நேரத்தைக் கழித்தால் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடுங்கள். கையில் நாலு மணி நேரமாவது நிற்காவிட்டால் அன்றைக்கு அந்த இடம் வேண்டாம், பக்கத்தில் ஒன்றைப் பாருங்கள். நம் ஆட்கள் சனிக்கிழமை பதினொரு மணிக்கு முன்னால் கிளம்பிய சரித்திரம் இல்லை என்பதால் இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம்.

நான் அடிக்கடி போவது இண்டியானாவில் இருக்கும் டர்க்கி ரன் மாநிலப் பூங்கா. ஒன்றரை மணி நேரம். இல்லினாய் எல்லையைத் தாண்டியதும் கைபேசியில் மணி ஒன்று கூடிவிடும், அங்கே கிழக்கு நேரம். வெளிச்சம் குறையாதுதான், ஆனால் பூங்கா அலுவலகமும் சாப்பாட்டு இடமும் மூடுவது அவர்கள் கடிகாரப்படி. மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் இண்டியானா மணல்மேட்டுத் தேசியப் பூங்காவுக்குப் போனால் இந்தத் தொல்லை இல்லை. அதுவும் இண்டியானாதான், ஆனால் அந்த மூலை சிகாகோ நேரத்திலேயே ஓடுகிறது.

டர்க்கி ரன்னில் சுகர் க்ரீக் ஆற்றின் மேல் ஒரு தொங்கு பாலம். பத்துப் பேர் நடந்தாலே ஆடும். அதைக் கடந்து மூன்றாம் எண் பாதையில் இறங்கினால் இரண்டு பக்கமும் மணற்பாறைச் சுவர், காலடியில் ஓடை. பாதையும் ஓடையும் வேறு வேறல்ல, தண்ணீரில்தான் நடக்க வேண்டும். ஓரிடத்தில் மர ஏணிகள் வரும், ஏறவும் இறங்கவும் அதே ஏணிகள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரிய கூட்டம், யார் முதலில் என்று தெரியாமல் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். ஊதா நிறத் தொப்பி போட்ட ஒரு அமெரிக்கப் பாட்டி, எழுபது வயதாவது இருக்கும், மேலே நின்றுகொண்டு போக்குவரத்துப் போலீஸ் வேலையை எடுத்துக்கொண்டார். மேலே இருந்து மூன்று பேர், கீழே இருந்து மூன்று பேர். முன்னால் புகுந்த ஒரு பையனை "நீ இல்லை, உனக்குப் பின்னால் குழந்தையோடு நிற்கிறாளே அவள்" என்று நிறுத்திவிட்டார். எங்கள் முறை வந்தபோது என் நண்பனின் ஷூவைப் பார்த்து, "இது கல்யாணத்துக்குப் போடுவது" என்றார். அவன் அதற்கப்புறம் அந்த ஷூவை எந்தப் பயணத்துக்கும் எடுத்து வரவில்லை.

உங்கள் கதைகளையும் எழுதுங்கள். எப்போது போனீர்கள், வழியில் யாரைப் பார்த்தீர்கள் என்று சொன்னால் புதியவர்களுக்கு உதவும்.

கிரீன் தெரு எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை. நல்ல மழைக்கு மறுநாள் டர்க்கி ரன் போகாதீர்கள், ஓடையில் தண்ணீர் ஏறினால் அந்தப் பாதையையே மூடிவிடுவார்கள். வெளிமாநில வண்டிக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, நாங்கள் போனபோது 9 டாலர். இல்லினாய் மாநிலப் பூங்காக்களில் பெரும்பாலும் கட்டணமே கிடையாது.

ஸ்டார்வ்ட் ராக் மாநிலப் பூங்கா பற்றியும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். இரண்டு மணி நேரம், இல்லினாய் ஆற்றங்கரை, 18 பள்ளத்தாக்குகள். படங்களில் தெரிகிற அருவிகள் எல்லாம் பனி உருகும்போதும் மழைக்குப் பிறகும்தான் விழும். ஆகஸ்டு கடைசியில் போனால் ஈரப் பாறையைத் தடவிப் பார்த்துவிட்டு வரலாம். வார இறுதியில் வண்டி நிறுத்துமிடம் நிரம்பியதும் வாசலை அடைத்துவிடுவார்கள். அப்படித் திருப்பி அனுப்பப்பட்டால் முகம் தொங்க வேண்டாம், சில மைல் தெற்கே மத்தீசன் பூங்கா இருக்கிறது. கூட்டம் குறைவு, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். ஜனவரியில் போனால் ஸ்டார்வ்ட் ராக்குக்கு எதிரே அணைக்கட்டுப் பக்கம் வெண்தலைக் கழுகுகள் மீன் பிடிப்பதைப் பார்க்கலாம். கை விறைத்துவிடும், பரவாயில்லை.

உடுமலைக்காரன் எழுதியது:

அப்பா அம்மா வந்திருந்தபோது நடந்ததை எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் ஏணி, பள்ளத்தாக்கு எல்லாம் கிடையாது. மான்டிசெல்லோ பக்கத்தில் ஆலர்டன் பூங்காவுக்குப் போகலாம் என்று முடிவு. ராபர்ட் ஆலர்டன் என்ற பணக்காரர் தன் மாளிகையையும் தோட்டங்களையும் 1946-ல் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். கேம்பஸிலிருந்து ஐ-72 வழியாகப் போனால் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் அப்பாவுக்கு வயல் பார்க்க வேண்டும், ஆகவே உள்சாலைகளில் போனோம்.

இங்கே உள்சாலைகள் மைலுக்கு ஒன்றாக, கட்டம் போட்ட நோட்டு மாதிரி ஓடுகின்றன. பெயர்கூடக் கிடையாது, எண்தான்: 1500 நார்த், 900 ஈஸ்ட். மைலுக்கு நூறு கூடும், இதைப் புரிந்துகொண்டால் கைபேசி சிக்னல் போனாலும் வழி தவறாது. ஜூலை நடுவிலிருந்து அறுவடை வரை மட்டும் ஒரு எச்சரிக்கை: மக்காச்சோளம் ஆளை மறைக்கும் உயரத்துக்கு நிற்கும், பல சந்திப்புகளில் ஸ்டாப் பலகை ஒரு சாலைக்குத்தான் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. குறுக்கே வருகிற வண்டி கடைசி நொடி வரை தெரியாது. ஒவ்வொரு சந்திப்பிலும் நானே நிறுத்தி நிறுத்திப் போனேன்.

அப்பா உடுமலைப் பக்கம் மக்காச்சோளம் போடுகிறவர். "ஏந்தம்பி, வரப்பே இல்லையே, எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் நிறுத்தச் சொல்லி, இறங்கி, சாலையோரத்து மண்ணைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். கன்னங்கரேல் என்று இருந்தது. "நம்ம கரிசலைவிட மெதுவா இருக்குது" என்றார்.

அப்போது ஒரு பிக்கப் லாரி எதிரே வந்து நின்றது. அறுபது வயதுக்காரர், பேஸ்பால் தொப்பி. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் உதறல், அவர் நிலத்தை ஒட்டித்தான் நிற்கிறோமே. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "வண்டி ஏதாவது பழுதா?" இல்லை, என் அப்பா விவசாயி, மண்ணைப் பார்க்கிறார் என்றேன். மனிதர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிவிட்டார்.

அடுத்த அரை மணி நேரம் நான் மொழிபெயர்ப்பாளன். வரிசைக்கு வரிசை எவ்வளவு இடைவெளி? முப்பது அங்குலம். அப்பா உடனே "ரெண்டரை அடி" என்று தலையாட்டினார். தண்ணீர்? மழை மட்டும்தான். அப்பா நம்பவில்லை, கிணறு எங்கே என்று திரும்பக் கேட்டார். கிணறு இல்லை, இங்கே பிரச்சினையே தண்ணீரை வெளியேற்றுவதுதான் என்றார் அவர். இந்த நிலம் முழுக்க ஒரு காலத்தில் சதுப்பான புல்வெளி, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுட்ட மண் குழாய்களை நிலத்துக்கடியில் பதித்து வடித்தார்களாம். இப்போதும் குழாய்கள் அடியில் ஓடுகின்றன. ஏக்கருக்கு 200 புஷல் தாண்டும் என்றார். கைபேசியில் கணக்குப் போட்டேன், ஒரு புஷல் 56 பவுண்டு, ஐந்து டன் வருகிறது. "நமக்கு முப்பது குவிண்டால் வந்தாலே பெரிசு" என்றார் அப்பா. அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அம்மா காருக்குள்ளிருந்து, "இத்தனை சோளத்தையும் யாரு திங்கறதுன்னு கேளுடா" என்றார். மாட்டுத் தீவனம், அப்புறம் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் என்றதும் அம்மாவுக்கு அந்தப் பயிர் மேல் இருந்த மரியாதையே போய்விட்டது.

ஆலர்டனுக்குப் போய்ச் சேர்ந்தோம். நீலநிறச் சீன நாய்ச் சிலைகள், காட்டுக்கு நடுவே கை நீட்டி நிற்கும் சூரியப் பாடகன் சிலை, எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஊரில் அப்பா சொல்வது பிக்கப் லாரிக்காரர் கதையை மட்டும்தான்.

பாலாஜி தரிசனம் எழுதியது:

எங்கள் வீட்டில் பயணம் என்றாலே சிகாகோ பக்கத்து அரோரா பாலாஜி கோயில்தான். என் கணவர் இங்கே போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்), சொந்த வண்டி இல்லாத காலத்தில் வாடகைக் கார் எடுத்துப் போவோம். சிகாகோவைச் சுற்றி 355, 88, 294 எல்லாம் கட்டணச் சாலைகள், பூத்தில் ஆளும் கிடையாது, காசும் வாங்குவதில்லை. கேமரா வண்டி எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளும். 14 நாட்களுக்குள் இணையத்தில் நாமே வண்டி எண்ணைக் கொடுத்துக் கட்டலாம். இது ஒருபுறம் இருக்க, நாங்கள் வண்டி எடுத்த நிறுவனம் சில டாலர் சுங்கத்துக்கு அதைப்போலப் பல மடங்கு "சேவைக் கட்டணம்" சேர்த்துக் கார்டில் பிடித்துவிட்டது. சாவி வாங்கும்போதே சுங்கத்தை எப்படிக் கணக்கிடுவீர்கள் என்று கேட்டு, சொல்வதை எழுதி வாங்கிவிடுங்கள். 25 வயதுக்குக் கீழே இருந்தால் தனிக் கட்டணமும் உண்டு.

சாப்பாடு: நான் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிவிடுவேன். போகும்போது புளியோதரை, தயிர்சாதம் ஐஸ் பெட்டியில், திரும்பும்போது. ஐ-57 ஓய்விடங்களில் கூரை போட்ட மேசைகள் இருக்கும். ஒருமுறை பக்கத்து மேசையில் ஒரு லாரி ஓட்டுநர், பஞ்சாபிக்காரர், வாசனை பிடித்துத் திரும்பிப் பார்த்தார். ஒரு கிண்ணம் கொடுத்தோம். பதிலுக்கு லாரியிலிருந்து மாங்காய் ஊறுகாய் பாட்டிலோடு வந்தார், அதுவும் அவர் அம்மா போட்டது. என் மகன் இன்றைக்கும் பெரிய லாரியைப் பார்த்தால் "ஊறுகாய் மாமா" என்கிறான்.

பழைய மாணவன் எழுதியது:

நான் படித்து முடித்து புளூமிங்டனில் வேலைக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. 2017 ஆகஸ்ட் 21 முழுச் சூரிய கிரகணத்துக்கு கார்பன்டேல் போனவர்கள் இங்கே யாராவது இருப்பீர்கள். ஐ-57-ல் நேர் தெற்கே மூன்று மணி நேரம். கிரகணம் இரண்டரை நிமிஷத்துக்கு மேல் கொஞ்சம். மேகம் வந்து மூடி, கடைசியில் இடைவெளி விட்டது. அதெல்லாம் சரி. முடிந்ததும் தென் இல்லினாயில் இருந்த அத்தனை வண்டியும் ஒரே நேரத்தில் வடக்கே திரும்பியது. எஃபிங்காமுக்கு முன்னாலேயே ஆட்கள் காரை விட்டு இறங்கிப் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். விஸ்கான்சின் குடும்பம் ஒன்று பக்கத்து வரிசையில். அவர்கள் சீஸ் கட்டிகளும் எங்கள் முறுக்கும் ஜன்னல் வழியாகக் கைமாறின. வீடு வந்தது நள்ளிரவுக்கு மேல். 2024 ஏப்ரல் 8-ல் அதே கார்பன்டேலுக்கு மறுபடி முழு கிரகணம் வந்தபோது முதல் நாளே போய், மறுநாள் காலைதான் கிளம்பினேன். சாலை காலி.

குளிர்காலத்துக்கு ஒரு வார்த்தை. பனி கொட்டுகிற நாளைவிட, கொட்டி முடிந்து வெயிலடிக்கிற மறுநாள்தான் எனக்குப் பயம். தடுக்க மரமோ மேடோ இல்லாத வயல்களில் காற்று பனியைத் தரையோடு தரையாகக் கிளப்பிச் சாலைமேல் போடும். தலைக்கு மேலே நீல வானம் தெரியும், முன்னால் போகிற வண்டி தெரியாது. கிளம்புமுன் மாநிலப் போக்குவரத்துத் துறையின் சாலை நிலவர வரைபடத்தைப் பாருங்கள். நவம்பரில் மான்களின் இணைசேரும் பருவம், பொழுது சாயும் நேரத்தில் ஒன்று சாலையைக் கடந்தால் பின்னால் இரண்டாவதும் வரும் என்று வைத்துக்கொண்டே பிரேக் போடுங்கள்.

கிரீன் தெரு எழுதியது:

குழந்தை இருக்கிறவர்களுக்கு கேசி ஊரை யாருமே சொல்லவில்லையே! ஒன்றேகால் மணி நேரம். உலகத்திலேயே பெரிய காற்றுமணி, பெரிய ஆடும் நாற்காலி, உள்ளே ஏறிப் போகக்கூடிய தபால் பெட்டி. பாதி நாளுக்கு மேல் தாங்காது, ஆனால் அந்தப் பாதி நாளைக் குழந்தைகள் மறக்க மாட்டார்கள். வழியில் ஆர்தரில், நவீன வசதிகளை ஒதுக்கிப் பழைய முறையில் வாழும் ஆமிஷ் மக்களின் கடைகளைப் பார்க்க நினைத்தால் சனிக்கிழமையே போய்விடுங்கள், ஞாயிறு எல்லாம் பூட்டு. அவர்களின் குதிரை வண்டிகளுக்குப் பின்னால் ஆரஞ்சு முக்கோணம் இருக்கும், மேட்டில் ஏறும்போது வேகத்தைக் குறையுங்கள். படம் எடுக்காதீர்கள், அவர்களுக்குப் பிடிக்காது.

சோளக்காட்டு வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உடுமலைக்காரரே, அப்பா அடுத்த முறை வந்தால் சொல்லுங்கள், அறுவடை நேரமாக இருந்தால் கம்பைன் அறுவடை இயந்திரம் ஓடுவதையும் காட்டிவிடலாம்.

காசு செலவில்லாத ஒன்றை விட்டுவிட்டேன். பென்ஃபீல்டு பக்கம் மிடில் ஃபோர்க் வனக்காப்பகம், ஷாம்பெயின் கவுண்டிக்குள்ளேயே (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி). 2018-ல் இருள்வானப் பூங்கா என்று அங்கீகாரம் பெற்றது, இல்லினாயில் அதுதான் முதல். அமாவாசையை ஒட்டிப் போங்கள், பால்வழி வெறும் கண்ணுக்குத் தெரியும். சிவப்பு விளக்கு டார்ச் கொண்டு போங்கள், வெள்ளை டார்ச் அடித்தால் தொலைநோக்கியோடு வந்திருப்பவர்கள் திட்டுவார்கள், நியாயமாகத்தான்.

அக்டோபரில் இண்டியானாவின் பார்க் கவுண்டி மூடுபாலத் திருவிழாவுக்குப் போகிறோம். 31 பழைய மரப் பாலங்கள், கூரை போட்டவை. எல்லாவற்றையும் பார்க்கப் போவதில்லை, நாலைந்து போதும். வண்டியில் இரண்டு இடம் காலி. காலை ஏழு மணிக்குப் பக்கத்து ஊரான அர்பானாவில் கிளம்பும், ஏழு என்றால் ஏழு. பெட்ரோல் பங்கு பிரித்துக்கொள்வோம்.

கிரீன் தெரு எழுதியது:

ஒரு இடம் எனக்கு. அந்த ஏழு நம் மணியா, இண்டியானா மணியா?

சோளக்காட்டு வாசி எழுதியது:

நம் மணி. ஷூ பார்த்துப் போட்டு வாங்க.