கடலோரக் கிணறுகளில் உப்பு குறைஞ்சிருக்கா, மீட்டர் மாறினதா?

உப்பங்காத்து:
ராஜாக்கமங்கலம் முதல் மணக்குடி வரை 20 கிணறுகளில் டிடிஎஸ் (தண்ணீரில் கரைஞ்சிருக்கிற உப்புகளின் மொத்த அளவு) பார்க்கிறோம். 2023 மே அளவைவிட 2024 நவம்பரில் சராசரி கால் பங்குக்கு மேல் குறைவு. இடையில் பழைய மீட்டர் பழுதாகிப் புதுசு வாங்கினோம். உப்பு குறைஞ்சிட்டுன்னு அறிக்கையில் எழுதலாமா?

தெளிநீர்:
எழுதாதீங்க. மீட்டர் அளக்கிறது மின்கடத்துத்திறனை மட்டும்தான். அதை ஒரு எண்ணால் பெருக்கி டிடிஎஸ் காட்டும். அந்த எண் சில மீட்டரில் 0.5, சிலதில் 0.7. 2,000 மைக்ரோசீமென்ஸ் கடத்துத்திறன் உள்ள ஒரே தண்ணீர் ஒன்றில் 1,000, இன்னொன்றில் 1,400. உங்க வித்தியாசம் முழுக்க இதுவாகவே இருக்கலாம். பழைய மீட்டரின் எண்ணைக் கையேட்டில் தேடி, ரெண்டு வருஷக் கணக்கையும் கடத்துத்திறனுக்கு மாத்துங்க. இனி ஒவ்வொரு தடவையும் கிளம்பும் முன் 1,413 மைக்ரோசீமென்ஸ் கரைசலில் மீட்டரைச் சரிபாருங்க. உலர்த்திய பொட்டாசியம் குளோரைடு 0.746 கிராமை காய்ச்சி வடித்த நீரில் கரைத்து ஒரு லிட்டராக்கினால் அதுதான், 25 டிகிரியில். வெப்பத் திருத்தம் இல்லாத மீட்டரில் டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் பிசகும்.

அப்புறம் மே எங்க, நவம்பர் எங்க! தென்மேற்கு, வடகிழக்கு ரெண்டு மழையும் விழுற கன்னியாகுமரி மாவட்டம் இது. மே மாசத்தை மே மாசத்தோடதான் வைக்கணும். அதுவும் ரெண்டு வருஷம் போதாது. ரெண்டு புள்ளி வச்சா கோடு எப்பவும் வரும்.

கயிறும்வாளியும்:
எடுக்கிற ஆழமும் முக்கியம். நல்ல தண்ணி மேலே, உப்பு கீழே நிக்கும். மோட்டார் ஓடினா அடி உப்பு மேலே ஏறும். காலையில் மோட்டார் போடும் முன், நீர்மட்டத்துக்குக் கீழே ஒரே ஆழத்தில், கயிற்றில் முடிச்சுப் போட்டு எடுங்க.

ஒவ்வொரு கிணற்றிலும் பத்து நிமிஷ இடைவெளியில் ரெண்டு தடவை அளங்க. வித்தியாசங்களை வர்க்கப்படுத்திக் கூட்டி, கிணறுகளின் எண்ணிக்கையின் இரட்டிப்பால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்க. அதை 2.77ஆல் பெருக்குங்க. வர்க்கமூலம் 30 வந்தால் பெருக்கினது 83; அளவீட்டுப் பிசகின் எல்லை அதுதான். ஒரு கிணறு அதுக்குள்ள ஏறினாலும் இறங்கினாலும் மாற்றம்னு சொல்லாதீங்க.

உப்பங்காத்து:
நன்றி. ரொம்ப உப்பான அஞ்சு கிணறுகளை மட்டும் தொடர்ந்து பார்த்தால் போதுமா?

தெளிநீர்:
கூடாது. அன்னைக்கு எதேச்சையா உச்சத்தில் இருந்த கிணறுகளும் அந்த அஞ்சில் வந்திருக்கும். அடுத்த தடவை தானா இறங்கும், ஒண்ணும் செய்யாமலே. ரத்த அழுத்த ஆய்விலும் இதே கதைதான்: ஒரே ஒரு அளவில் கூடுதலா இருந்தவங்களை மட்டும் பொறுக்கினா, மருந்தில்லாமலே சராசரி குறையும். 20 கிணறுகளையும் விடாதீங்க. அஞ்சுதான் முடியும்னா சீட்டுக் குலுக்கி எடுங்க.