மாடல் மலை ரயில் பல் தண்டவாளத்தில் வழுக்குகிறது, உதவி தேவை

கோவையில் ஒரு சிறு அருங்காட்சியகத்தில் நீலகிரி மலை ரயிலின் மாடலை ஓட்டுகிறோம். 1:87 அளவு, 12 மி.மீ. பாதை, 12 வோல்ட் டிசி. 1899-இல் திறந்த மேட்டுப்பாளையம்–குன்னூர் பகுதியைக் காட்டுகிறது.

ஏப்ரலிலிருந்து ஒரே தொல்லை. கல்லாறு நிலையம் தாண்டி ஏற்றம் தொடங்கி, ஹில்குரோவ் நிலையத்துக்கு முந்தைய வளைவு வந்ததும், பாதை நடுவே உள்ள பல் பட்டையைக் கவ்வி ஏற வேண்டிய இன்ஜினின் பல்சக்கரம் டக்டக்கென்று தாவி, வண்டி பின்னால் சரிகிறது. தனி இன்ஜின் ஏறிவிடுகிறது. மூன்று பெட்டிகளைத் தள்ளும்போதுதான் இப்படி. மதிய வெயிலில் இன்னும் மோசம்.

பாதையைத் துடைத்தோம், பல்சக்கரத்தை மாற்றினோம், அந்த இடத்தில் வோல்டேஜ் சரியாக இருக்கிறது. பல் பட்டையின் அடியில் மெல்லிய தகடு வைத்து உயர்த்தினால் தாவல் குறைகிறது, ஆனால் இன்ஜினின் அடிப்பகுதி உரசுகிறது. அசல் பாதையில் இரண்டு பட்டைகள், பற்கள் முன்பின்னாக இருக்கும். எங்களிடம் ஒற்றைப் பித்தளைப் பட்டைதான்.

சரிவு அசலைப் போலவே 12-க்கு 1. பிள்ளைகள் வியந்து பார்ப்பதே அந்த ஏற்றத்தைத்தான், அதைக் குறைக்க மனமில்லை.

சரிவை மாற்றாமல், வளைவில் பல்சக்கரம் தாவாமல் இருக்க எதைச் சரிசெய்ய வேண்டும்?